கழுத்தறிந்து நுகம்

உழவுக்கும் வண்டிக்கும் மாடு வாங்கும் குடியானவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழி பார்க்கிறார்; கொம்பு, குளம்பு, வால், நடை யாவற்றையும் பார்க்கிறார்; வீட்டுக்கு ஓட்டிச் செல்ல நல்ல நாளும் பார்க்கிறார். ஆயின் கொட்டகையில் சார்த்தியிருக்கும் நுகத்தடி அந்தப் புதிய மாட்டின் கழுத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. தகப்பனார் காலத்தில் வேறொரு ஜோடிக்காகச் செதுக்கிய நுகம் இன்று மகன் வாங்கிய மாடுகளின் மேல் ஏறுகிறது. உழவு தொடங்கிய சில நாட்களில் மயிர் தேய்கிறது. பின்னர்த் தோல் வீங்குகிறது. அதன் பின்னர்ப் புண் உண்டாகிறது. அப்பொழுது மாட்டைக் குறை கூறுவர். மழையைக் குறை கூறுவர். ஏரோட்டியையும் குறை கூறுவர். நுகத்தைக் குறை கூறுவோர் இலர்.

கழுத்துப்புண் பெரும்பாலும் நோயன்று, அளவுப் பிழையே. நோயாயின் மருந்து தேடவேண்டும். அளவுப் பிழையாயின் அளவுகோலைத் தேடவேண்டும். இவ்வுண்மையைக் குதிரை வைத்து வண்டி ஓட்டுவோர் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். எருது வைத்து உழுவோரும் அதனை மேற்கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குதிரைக்கு அளவெடுக்கும் முறை

குதிரை வண்டியை இழுப்பது தோளினால். பாரமான வண்டிக்குப் பூட்டும் குதிரையின் கழுத்தடியில், வைக்கோலோ மயிரோ திணித்துத் தைத்த தோல் வளையம் ஒன்றை மாட்டுவார்கள். அவ்வளையத்தின் வெளிப்புறத்துப் பள்ளத்தில் இரண்டு இரும்புக் கவைகள் பொருந்தியிருக்கும். இழுவார்கள் அக்கவைகளில் தொடுக்கப்பட்டு வண்டி வரை செல்லும். குதிரை முன்னோக்கி அழுத்தும்போது, அதன் பலம் முழுவதும் இவ்வளையத்தின் வழியாகவே வண்டியைச் சேர்கிறது. வளையம் பெரிதாயின் தோளின்மேல் ஆடி உரசும். சிறிதாயின் மூச்சுக்குழலை நெரிக்கும். ஆதலால் திறமையுள்ள சேணத் தொழிலாளர், குதிரையைப் பாராமல் வளையம் தைக்க இசையமாட்டார்.

அளவெடுக்கும் விதம் கடினமானதன்று. குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, வேலை செய்யும்போது தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வுயரத்திலேயே பிடித்திருக்கவேண்டும். தலை தாழ்ந்தால் கழுத்தின் அளவு மாறிவிடும். கழுத்தின் மேற்புறத்தில், தோள் மேட்டுக்குச் சற்று முன்னே வளையம் படியும் இடத்தில், ஒரு குறுக்குச் சட்டத்தை வைக்கவேண்டும். கீழ்ப்புறத்தில், கழுத்து மார்போடு சேரும் இடத்தில் மூச்சுக்குழலுக்கு முன்னே மற்றொரு சட்டத்தை வைக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நேர்த் தூரமே நீள அளவு. கழுத்தின் வளைவைத் தழுவி நாடாவை ஓட்டி அளப்பது தவறு. அவ்வாறு அளந்தால் வளையம் வேண்டியதற்கு மேல் நீண்டுவிடும். அடுத்து, அதே இடத்தில் கழுத்தின் மிகப் பருத்த பாகத்தின் அகலத்தையும் இரு பக்கமும் கோல் வைத்து நேராக அளக்கவேண்டும். வளையத்தை அளக்கும்போதும் உட்புற அளவையே கொள்ளவேண்டும்.

மாட்டிய பின் சோதிப்பதற்கு வேறு கருவி வேண்டியதில்லை, கையே போதும். வளையத்தைத் தோளோடு சேர்த்து அழுத்திவைத்து, அதன் அடிப்புறத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே நான்கு விரல்களையும் சேர்த்துத் தட்டையாக நுழைத்தால் அவை தடையின்றிச் செல்லவேண்டும். பக்கங்களில் விரல்கள் தட்டையாக நுழையும் அளவுக்கு மட்டுமே இடம் இருக்கலாம். மேற்புறத்தில் வளையம் கழுத்தைக் கவ்விப் பிடிக்கவும் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் ஆடவும் கூடாது. குதிரையின் தலை கண்களுக்கு நேரே அகன்றிருப்பதால், மூடிய வளையத்தைத் தலைகீழாகத் திருப்பியே தலைக்குள் நுழைத்து, கழுத்து ஒடுங்கிய இடத்தில் நேராகத் திருப்பிக்கொள்வது வழக்கம்.

இழுவார் தொடங்கும் இடமும் கவனிக்கத்தக்கது. தோட்பட்டை எலும்பு சாய்ந்து நிற்கும் கோட்டுக்கு இழுவார் ஏறக்குறையச் செங்கோணமாகச் செல்லுமாயின், பாரம் வளையம் முழுவதிலும் சமமாகப் பரவும். அவ்விடம் மிக உயர்ந்தால் வளையம் மேலேறிக் கழுத்தை நெரிக்கும். மிகத் தாழ்ந்தால் தோளின் நுனி எலும்பை இடிக்கும். இலேசான வண்டிகளுக்கு வளையத்துக்குப் பதிலாக மார்புவார் போதுமானது. அது தோள் நுனிக்கு மேலும் மூச்சுக்குழலுக்குக் கீழும் செல்லவேண்டும். வண்டியின் முகப்பில் இழுவார்களை மாட்டும் குறுக்குக் கட்டை அசையக்கூடியதாக இருக்கவேண்டும். இறுகப் பொருத்திய கட்டையாயின், குதிரை அடி வைக்கும்தோறும் வார் இரு தோள்களிலும் மாறி மாறித் தேய்க்கும்.

மற்றச் சாமான்களுக்கும் அளவுண்டு. முதுகு மெத்தை முதுகெலும்பைத் தொடாமல் அதன் இரு பக்கத்துத் தசைகளின் மேல் அமரவேண்டும். கடிவாள இரும்பு வாயின் அகலத்தினும் சிறிதே அதிகமாக இருக்கவேண்டும். பின்புறத்து வார், வண்டி முன்னே செல்லும்போது குதிரையின் பின்தொடையைப் பற்றாமலும், இறக்கத்தில் மட்டும் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும்படியும் அமையவேண்டும். புல்வெளியில் ஓய்ந்து கொழுத்த குதிரைக்கு அளந்து தைத்த வளையம், வேலை தொடங்கி உடல் இறுகிய பின் தளர்ந்துபோகும். ஆகவே வேலைக்குரிய உடற்கட்டில் இருக்கும்போதே அளவெடுத்து, சில வாரங்கள் சென்றபின் மறுபடியும் சோதித்துப் பார்க்கவேண்டும். சிறிது பெரிதான வளையத்தை மெத்தைத் துணியிட்டு ஒருவாறு சரிப்படுத்தலாம். சிறிதான வளையத்துக்குத் துணி வைப்பது நெரிக்கின்ற கயிற்றை மேலும் இறுக்குவதை ஒக்கும்.

ஒரு பழைய வாதமும் அதன் படிப்பினையும்

பூட்டும் இடம் இரண்டு விரற்கடை மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு வாதம் நல்ல சான்றாகும். பிரான்சு தேசத்துக் குதிரைப்படை அதிகாரியாயிருந்த லெபெவ்ர் தெ நோயெத் என்பவர், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பண்டைய கிரேக்கரும் உரோமரும் குதிரையின் தொண்டையில் வாரிட்டுப் பூட்டியதனால் குதிரை மூச்சுத் திணறியதென்றும், தோளில் படியும் வளையம் வந்த பின்னரே அதன் முழுப் பலமும் மனிதனுக்குக் கிடைத்ததென்றும் எழுதினார். தமது கொள்கைக்கு ஆதரவாக அவர் தாமே பழைய முறையில் பூட்டியும் பார்த்தார். 438ஆம் ஆண்டின் தியோடோசியச் சட்டத் தொகுப்பு, பாரவண்டிக்கு 1,500 உரோம இராத்தல், அதாவது ஏறத்தாழ 500 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாதென விதித்திருந்ததையும் எடுத்துக்காட்டினார். அறிஞர் பலர் அதனை நெடுநாள் ஒப்புக்கொண்டிருந்தனர்.

பின்னர் அதே தேசத்தவரான ழான் ஸ்ப்ருயித் என்பவர் பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் நுணுகி ஆராய்ந்து, அவற்றில் கண்டபடியே சாமான்களைச் செய்து உயிருள்ள குதிரைகளில் பூட்டிச் சோதித்தார். அச்சோதனைகளை 1977இல் வெளியிட்டார். குதிரைகள் திணறவில்லை. முன்னவர் இரு வேறு பூட்டு முறைகளை ஒன்றாகக் கலந்து, வாரை அது இருக்கவேண்டாத இடத்தில் வைத்துவிட்டார் என்பது அதனால் விளங்கியது. வரலாற்று வாதம் எவ்வாறாயினும், விவசாயிக்கு இதிலுள்ள பாடம் ஒன்றே. அதே குதிரை, அதே வார். தக்க இடத்தில் இருந்தால் இழுக்கிறது, தகாத இடத்தில் இருந்தால் திணறுகிறது.

எருதின் நிலை

தமிழ்நாட்டில் குதிரை உழவுக்கு வந்ததில்லை. ஜட்கா வண்டிகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இந்நாட்டில் கழுத்தில் பாரம் தாங்குவது எருது. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி முதலிய நாட்டு இனங்கள் யாவும் திமிலுடையவை. திமிலின் முன்னே நுகம் அமர்வதற்கு இயற்கையே ஓர் இருக்கை அமைத்திருக்கிறது. ஐரோப்பிய எருதுகளுக்குத் திமில் இல்லாமையால், அந்நாட்டார் கொம்பில் கட்டும் நுகத்தையும், குதிரைக்குரியது போன்ற வளையத்தையும் கையாண்டனர். அவ்வளையங்களை இங்கே கொண்டுவரவேண்டும் என்று சொல்வோரும் உண்டு. விலை, இந்நாட்டு வெப்பம், தைப்போர் இன்மை ஆகியவற்றை எண்ணினால் அது எளிதன்று. வேண்டுவது குதிரையின் வளையம் அன்று; குதிரைக்கு அளவெடுக்கும் வழக்கமே.

நுகம் எவ்வாறு புண் செய்கிறது என்பதைக் கணக்கினால் அறியலாம். நாள் முழுவதும் வேலை செய்யும் எருது தன் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு பலத்தோடு தொடர்ந்து இழுக்கும் என்பது பொதுவான மதிப்பு. 400 கிலோ எடையுள்ள எருது 40 கிலோ பலத்தோடு இழுப்பதாகக் கொள்வோம். செதுக்காத உருண்டைக் கழி ஒன்று, 4 சென்டிமீட்டர் அகலத்திலும் 10 சென்டிமீட்டர் நீளத்திலும் மட்டுமே கழுத்தைத் தொடுமாயின், தொடும் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 1 கிலோ அழுத்தத்தைத் தாங்குகிறது. அதே நுகத்தின் அடிப்புறத்தை 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்கி, 16 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கழுத்தின் வளைவுக்கேற்பக் குடைந்தால், பரப்பு 160 சதுர சென்டிமீட்டராகும். அழுத்தம் கால் கிலோவாகக் குறையும். மாடும் மாறவில்லை, ஏரும் மாறவில்லை, நிலமும் மாறவில்லை. துன்பம் மட்டும் நான்கில் ஒரு பங்காயிற்று. தச்சரின் உளி செய்யும் வேலை அவ்வளவே.

அழுத்தம் மிகுந்த இடத்தில் தோலுக்குள் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சூடும் வீக்கமும் காண்கின்றன. அந்நிலையில் நுகத்தைத் திருத்தி மாட்டுக்கு ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். திருத்தாமல் மறுநாளும் பூட்டினால் தோல் செத்து உரிகிறது, ஈ மொய்க்கிறது, புழு வைக்கிறது. பல நாள் தொடர்ந்தால் அவ்விடத்தில் கட்டி போன்ற கடினமான தடிப்பு உண்டாகி, பிறகு எந்த நுகமும் சரியாக அமராது. மழைக்காலத்தில் இது விரைவில் நேருவதற்குக் காரணம் உண்டு. நனைந்த தோல் மெல்லியதாகிறது. நனைந்த மரமும் கயிறும் கனத்துச் சொரசொரப்பாகின்றன. கோடை முழுவதும் ஓய்ந்திருந்த கழுத்து ஒரே நாளில் முழு வேலைக்கு உட்படுகிறது. ஆகவே முதல் மழைக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் அரை நேரம் மட்டுமே உழுது, கழுத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவது விவேகம்.

எருதுக்கு எடுக்கவேண்டிய நான்கு அளவுகள்

முதலாவது, கழுத்தின் அகலம். திமிலுக்கு முன்னே நுகம் அமரும் இடத்தில் இரு பக்கமும் கோல் வைத்து அளக்கவேண்டும். நுகத்திலுள்ள முளைக்குச்சிகளின் இடைவெளி இவ்வகலத்தோடு ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரற்கடை கூடியிருக்கட்டும். நெருங்கினால் குச்சி கழுத்தை அறுக்கும். மிக அகன்றால் மாடு நுகத்துக்குள் புரளும்.

இரண்டாவது, கழுத்தின் மேல் வளைவு. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் தடித்த கம்பி ஒன்றைக் கழுத்தின்மேல் வைத்து அமிழ்த்தி, அவ்வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, தச்சரிடம் கொடுக்கவேண்டும். வாயால் சொல்லும் அளவைவிட இவ்வட்டை நூறு மடங்கு நம்பத்தக்கது. குடைந்த பாகத்தின் முன்னோரமும் பின்னோரமும் கூர்மையின்றி உருண்டிருக்கவேண்டும். கழுத்து படும் இடத்தில் துளையோ, ஆணியோ, மரக்கணுவோ இருத்தலாகாது.

மூன்றாவது, கழுத்தின் சுற்றளவு. இது பூட்டாங்கயிற்றுக்கு வேண்டும். மெல்லிய கயிறு தொண்டையை அறுக்கும். நான்கு விரல் அகலமுள்ள பட்டைக் கயிறோ தோல்வாரோ நல்லது. பூட்டிய பின், குதிரைக்குச் சொல்லிய சோதனையே இதற்கும் பொருந்தும்: தொண்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே விரல்கள் நான்கும் தட்டையாகச் செல்லவேண்டும்.

நான்காவது, தரையிலிருந்து நுகம் அமரும் இடத்தின் உயரம். இதை இரண்டு மாடுகளுக்கும் தனித்தனியே அளந்து ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நுகம் மட்டமாக நிற்கும். ஒன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தால் நுகம் சாய்ந்து, அதன் ஓரம் கழுத்தில் பதியும். சந்தையில் ஜோடி சேர்ப்பவர் நிறத்தையும் கொம்பையும் ஒப்பிடுவதற்கு முன்னர் இவ்வுயரத்தை ஒப்பிடவேண்டும்.

உயரம் ஒத்தும் வலு ஒவ்வாத ஜோடிக்கு ஒரு பரிகாரம் உண்டு. ஏர்க்கால் நுகத்தின் நட்ட நடுவில் இருந்தால் இரண்டு மாடுகளும் சமமாக இழுக்கவேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு கழுத்துக்கும் 24 அங்குலத் தூரம் இருக்கிறதென்று கொள்வோம். ஏர்க்காலை வலிய மாட்டின் பக்கம் 2 அங்குலம் நகர்த்தினால் அதன் தூரம் 22 அங்குலமும், மெலிந்த மாட்டின் தூரம் 26 அங்குலமும் ஆகின்றன. அப்பொழுது 100 பங்கு பாரத்தில் ஏறத்தாழ 54 பங்கு வலிய மாட்டையும், 46 பங்கு மெலிந்த மாட்டையும் சேரும். நுகத்தின் நடுவே ஒன்றுக்கு மூன்றாக வெட்டுகள் வைத்துக்கொண்டால் போதும். இதற்கு ஒரு காசும் அதிகச் செலவில்லை.

நுகத்தின் கனமும் நினைக்கத்தக்கது. மஞ்சணத்தி என்னும் நுணா மரத்தைப் பெரியோர் நுகத்துக்கு விரும்பியது, அது இலேசாக இருப்பதனாலேயே. கையில் கிடைத்த கனமான கழியையோ, இரும்புக் குழாயையோ நுகமாக்குவோர், இழுக்கும் மாட்டின்மேல் இழுக்கவேண்டாத பாரத்தையும் ஏற்றுகின்றனர். இரும்பு வெயிலில் சுடும் என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

வண்டிக்கு இன்னும் ஒரு விதி உண்டு. இரட்டைச் சக்கர வண்டியில் முன்பாரம் மிகுந்தால் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையைப் பிடிக்கும். பாரம் ஏற்றியபின், மாடு பூட்டுவதற்கு முன்னர், வண்டியை மட்டமாக நிறுத்தி நுகத்தை ஒருவர் கையால் தூக்கிப் பார்க்கட்டும். சிறிது கனத்தோடு கைக்கு எளிதில் வருமாயின் பாரம் சரியாக அமைந்திருக்கிறது. 1970களில் மாட்டு வண்டியைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவரும், பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்தவருமான என். எஸ். இராமசாமி, வண்டியின் சக்கரத்தோடு நுகத்தையும் திருத்தவேண்டும் என்று வற்புறுத்தினார். சக்கரம் பல ஊர்களில் டயராக மாறியது. நுகமோ பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது.

ஆட்சேபங்களும் விடைகளும்

பாட்டனார் காலமுதல் இருக்கும் நுகத்தை ஏன் மாற்றவேண்டும் என்பர் சிலர். பாட்டனார் மூடரல்லர். அவர் தம் வீட்டு மாட்டைத் தச்சரின் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, அதன் கழுத்தின்மேல் வைத்துப் பார்த்தே செதுக்கச் செய்தார். அந்த வழக்கத்தைக் கைவிட்டு, அந்த நுகத்தை மட்டும் காப்பது மரபைப் போற்றுவதாகாது.

கழுத்தில் காய்ப்புப் பிடித்தால் பிறகு வலியில்லை என்பர் வேறு சிலர். மெல்ல மெல்லப் பழகித் தோல் உறுதிப்படுவது வேறு. புண் பட்டுப் பட்டுத் தடிப்பாவது வேறு. முன்னது மயிரோடு கூடியது. அழுத்தினால் மாடு முகம் சுளிக்காது. பின்னது மயிரற்றது, கை வைத்ததும் மாடு விலகும். காலையில் நுகத்தைக் கண்டவுடன் தலையைத் திருப்பும் மாடும், பூட்டியவுடன் பக்கவாட்டில் நெளியும் மாடும் சோம்பல் மாடுகள் அல்ல. அவை தம் கழுத்தைப் பற்றி எசமானுக்கு முறையிடுகின்றன.

உழவு இயந்திரம் வந்துவிட்ட பின் இது வேண்டியதா என்பது மூன்றாவது ஆட்சேபம். இயந்திரம் வந்ததனாலேயே இது முன்னிலும் வேண்டியதாயிற்று. சிறு துண்டு நிலங்களிலும், இயந்திரம் இறங்காத சேற்றிலும் சரிவிலும், பயிர் வரிசைகளின் ஊடே களையெடுப்பதிலும் எருது இன்னும் வேலை செய்கிறது. ஊரில் ஜோடிகள் குறைந்தன. நுகம் செதுக்கும் தச்சரும் குறைந்தனர். முன்னர் ஒரு ஜோடி புண்பட்டால் பக்கத்து வீட்டு ஜோடியை இரவல் பெறலாம். இன்று இரவல் கொடுப்பதற்கு ஜோடி இல்லை. ஈரம் காயுமுன் விதைக்கவேண்டிய புன்செய் விவசாயிக்குப் பத்து நாள் மாடு ஓய்ந்திருப்பது, அந்தப் போகத்தையே இழப்பதாகும். நுகம் திருத்தும் தச்சுக்கூலியை அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சட்டமும் அதிகாரிகளின் கடமையும்

புண்பட்ட மாட்டைப் பூட்டுவது குற்றமென்பதைப் பலர் அறியார். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, காயத்தாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. 1965ஆம் ஆண்டில் அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதிகள், வண்டி மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாதென்றும், வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாதென்றும் கூறுகின்றன. இவை நல்ல விதிகளே. ஆயினும் அதிகாரியின் கண்ணில் புண் படும்போது மாடு பல நாள் துன்புற்றுவிட்டது. விவசாயியும் பல நாள் வேலையை இழந்துவிட்டார். அபராதம் அவ்விரண்டில் எதனையும் திருப்பித் தராது. ஆதலால் தண்டிப்பதைவிட அளப்பதே கிராம அதிகாரிகளுக்கு மேலான கடமையாகும்.

அவர்கள் செய்யக்கூடியவை சிலவே. ஒவ்வோர் ஊரிலும் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஓர் அளவுகோலும், வளைவெடுக்கும் கம்பியும் வைத்து, கேட்பவருக்கு உதவலாம். ஆடி உழவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு நாள் குறித்து, ஊர் மாடுகளை ஓரிடத்தில் கூட்டி, தச்சரையும் வரவழைத்து, நான்கு அளவுகளையும் எடுத்துக் குறித்துக்கொடுக்கலாம். மாட்டுக் கண்காட்சிகளில் பரிசு வழங்கும் நடுவர்கள், திமிலின் அழகைப் பார்க்கும் அதே நேரத்தில் அதன் முன்னேயுள்ள கழுத்தையும் தடவிப் பார்த்து, மயிர் தேயாத கழுத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு ஜோடிக்கு அவ்வாறு பரிசு கிடைத்தால் அவ்வாண்டே பல நுகங்கள் திருந்தும்.

புண் ஏற்கெனவே உண்டாகிவிட்டிருந்தால் செய்யவேண்டியவை வருமாறு. அன்றே மாட்டை அவிழ்த்துவிடவேண்டும். வேலை வாங்கிக்கொண்டே புண்ணை ஆற்ற எந்த மருந்தாலும் இயலாது. உப்புக் கலந்த சுத்தமான நீரால் கழுவி, ஈ அணுகாதவாறு சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவலாம். வண்டி மையைப் புண்ணில் அப்பும் வழக்கத்தை அறவே விட்டொழிக்கவேண்டும். வீக்கம் தணியாவிட்டாலும், புழு கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆறிய பின்னர், திருத்தாத அதே நுகத்தை மீண்டும் வைப்பது, பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கி அதே பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்துவதாகும்.

மாடு வாய் திறந்து அளவு சொல்லாது. செருப்பு கடித்தால் மனிதன் அன்றே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறான். நுகம் கடிக்கும் மாடு மறுநாளும் அதே கொட்டகையிலிருந்து அதே வயலுக்குத்தான் வருகிறது. அதன் கழுத்தை அறியும் பொறுப்பு அதனை வாங்கியவருடையது. அடுத்த உழவுக்கு ஏர் பூட்டுவதற்கு முன்னர், ஒவ்வொரு விவசாயியும் ஒரு கோலும் ஒரு கம்பியும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் தம் மாடுகளின் அருகே நிற்பாராயின், அவ்வாண்டு அவருடைய உழவு பருவம் தவறாது நடைபெறும்.